துல்லியம்னு போட்டா எந்த உயரத்துலன்னும் சேத்து போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கடலூர்க்காரன், இங்க ஒரு காலேஜ்ல பிசிக்ஸ் பாடம் எடுக்குறேன். போன வாரம் உங்க பேப்பர்ல வானிலை பக்கத்துல வந்த செயற்கைக்கோள் கட்டுரைய பத்திதான் இந்த கடிதம். ஜிபிஎஸ் சிக்னல் காத்துல வளையுறத வச்சு மேல இருக்குற வெப்பநிலை, ஈரப்பதம் எல்லாம் அளக்குறாங்க, அரை டிகிரிக்குள்ள துல்லியம், இனிமே பலூன் விட்டு அளக்குற வேலையே குறைஞ்சுரும்னு போட்டிருந்தீங்க. இந்த முறைக்கு ரேடியோ அக்கல்டேஷன்னு பேரு, அத தமிழ் பேப்பர்ல எழுதுறதே அபூர்வம், அதுக்கு மொதல்ல நன்றி. ஆனா அந்த அரை டிகிரி எந்த உயரத்துல, எந்த ஊருக்கு மேல, எதோட ஒப்பிட்டு பாத்ததுன்னு சொல்லாம வெறும் நம்பர மட்டும் போட்டா, கடலூர் பாண்டி பக்கம் வருஷா வருஷம் புயலையும் வெள்ளத்தையும் பாத்துட்டு இருக்குற ஜனங்களுக்கு அது தப்பான நம்பிக்கைய குடுத்துரும். அதனாலதான் எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கணும்.

அளக்குற விதத்த மொதல்ல சொல்லிடுறேன், ஏன்னா தரம் எங்க நல்லா இருக்கும் எங்க கெடும்னு அதுலயே தெரிஞ்சுரும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்துல சுத்துது. அதோட சிக்னல வாங்குற இன்னொரு சின்ன செயற்கைக்கோள் 500லேருந்து 800 கிலோமீட்டர் உயரத்துல ஓடுது. கீழ ஓடுறது பூமிக்கு அந்தப் பக்கம் போய் மறையும்போதும், மறைவுலேருந்து வெளிய வரும்போதும், ஜிபிஎஸ் சிக்னல் பூமியோட காத்து மண்டலத்த உரசிக்கிட்டே வரும். தண்ணி டம்ளர்ல போட்ட ஸ்பூன் வளைஞ்சு தெரியுதுல்ல, அதே மாதிரி காத்தோட அடர்த்தி மாறுறதால சிக்னலோட பாதையும் வளையும். தரைக்கு பக்கத்துல கூட அந்த வளைவு ஏறத்தாழ ஒரு டிகிரிதான், மேல போகப்போக வேகமா குறையும். இப்படி ஒரு தடவ மறையுறதையோ வெளிய வர்றதையோ ஒரு அக்கல்டேஷன்னு சொல்றோம், அது ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுரும், அதுக்குள்ள சிக்னல் அலையோட கட்டம், அதாவது ஏத்த இறக்கம், எவ்வளவு தள்ளிப் போச்சுன்னு மில்லிமீட்டர் கணக்குல அளந்து, அதுலேருந்து வளைவுக் கோணம், அதுலேருந்து ஒளிவிலகல், அதுலேருந்து அழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதம்னு படிப்படியா கணக்கு போட்டு இறங்குறாங்க. 1965ல மாரினர்-4 செவ்வாய்க்கு பின்னாடி போனப்ப இதே முறையிலதான் அங்க காத்து எவ்வளவு மெலிசுன்னு கண்டுபிடிச்சாங்க. பூமிக்கு இது சரிப்பட்டு வரும்னு 1995ல ஜிபிஎஸ்-மெட் சோதனை காட்டுச்சு, 2006 ஏப்ரல்ல தைவானும் அமெரிக்காவும் சேந்து ஆறு காஸ்மிக் செயற்கைக்கோள ஏத்துனாங்க, 2019 ஜூன்ல காஸ்மிக்-2ன்னு இன்னும் ஆறு. நம்ம ஊரும் சும்மா இல்ல, 2009ல ஓஷன்சாட்-2லயும் 2011ல மேகா-ட்ராபிக்ஸ்லயும் இத்தாலியோட ரோசாங்குற அக்கல்டேஷன் கருவிய வச்சு ஸ்ரீஹரிகோட்டாலேருந்து பிஎஸ்எல்வில அனுப்புனாங்க.

இந்த முறையோட பெருமைய நான் குறைச்சு சொல்லவே இல்ல. மேகமோ மழையோ இந்த சிக்னல பெருசா தடுக்காது, புயல் நடுவுலயும் அளக்கலாம். அடிப்படையில அளக்குறது நேரத்த, அதுக்கு அணு கடிகாரம் இருக்கு, அதனால மத்த செயற்கைக்கோள் கருவி மாதிரி வருஷம் போகப்போக அளவு நகந்துரும், மறுபடி சரி பண்ணணும்ங்குற தொல்லை ரொம்ப கம்மி. 8 கிலோமீட்டர்லேருந்து 25, 30 கிலோமீட்டர் வரைக்கும் உள்ள பகுதில இத அடிச்சுக்க ஆளே இல்ல, நீங்க போட்ட அரை டிகிரி அந்த பகுதிக்கு பொருத்தமான பேச்சுதான். நம்ம தலைக்கு மேல 16, 17 கிலோமீட்டர்ல மைனஸ் 80 டிகிரி பக்கம் வெப்பநிலை போய் திரும்புற இடம் ஒண்ணு இருக்கு, அந்த திருப்பத்த இவ்வளவு கூர்மையா காட்டுற செயற்கைக்கோள் முறை வேற இல்லன்னே சொல்லுவேன்.

அதுக்கு மேல போனா வேற கதை. 60 கிலோமீட்டர்ல வளைவே சில மைக்ரோரேடியன்தான், அதாவது ஒரு டிகிரில சில ஆயிரத்துல ஒரு பங்கு, கருவியோட இரைச்சலும் கிட்டத்தட்ட அதே அளவுல வந்து நிக்கும். அதனாலதான் ஒரு அக்கல்டேஷன் நல்லதா கெட்டதான்னு பாக்குறவங்க மொதல்ல 60லேருந்து 80 கிலோமீட்டர் வரைக்கும் வளைவுக் கோணம் எவ்வளவு ஆட்டம் ஆடுதுன்னு பாப்பாங்க, அங்க காத்தே இல்லாத மாதிரிதான், அதனால அங்க வர்ற ஆட்டமெல்லாம் கருவியோடதும், அதுக்கும் மேல மின்னூட்டம் ஏறுன அடுக்கான அயனமண்டலத்தோட மிச்சமும். அயனமண்டலத்த கழிக்குறதுக்கு 1575.42 மெகாஹெர்ட்ஸ், 1227.60 மெகாஹெர்ட்ஸ்னு ரெண்டு அலைவரிசைய சேத்து கணக்கு போடுறாங்க, முழுசா போகாது, கொஞ்சம் மிச்சம் இருக்கும், பகல்லயும் சூரியன் ஆர்ப்பாட்டம் பண்ற வருஷங்கள்லயும் அது ஜாஸ்தி. பூமியோட காந்த நடுக்கோடு திருநெல்வேலி பக்கமா போறதால பொழுது சாஞ்சப்புறம் நடுராத்திரி வரைக்கும் நம்ம வானத்துல அயனமண்டலம் கொதிச்சுட்டு இருக்குற நாட்கள் உண்டு, அப்ப சிக்னல் மினுக்கும். தரம் பாக்கும்போது பகல், சாயங்காலம், ராத்திரின்னு பிரிச்சு பாக்கணும்னு சொல்றது இதுக்குத்தான்.

ஆனா எனக்கு கவலை மேல இல்ல, கீழதான். நமக்கு மழைய கொண்டு வர்றது கடலுக்கு மேல மொத ரெண்டு மூணு கிலோமீட்டர்ல இருக்குற ஈரம். தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்னிக்கு கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரை ஏறி பண்ருட்டி முந்திரி, பலா தோப்பையெல்லாம் சாய்ச்சுட்டு போச்சு, அது காத்து. 2015 நவம்பர்ல வந்தது புயல்னு பேரு கூட வாங்கல, ஆழ்ந்த காற்றழுத்த தாழ்வு மண்டலம்தான், நெய்வேலி பண்ருட்டி பக்கமெல்லாம் வெள்ளம். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல வந்து நகராம நின்னுச்சு, ஒரே நாள்ல பாண்டில கிட்டத்தட்ட அரை மீட்டர் மழை கொட்டுச்சு, அடுத்த ரெண்டு நாள்ல சாத்தனூர் அணைத் தண்ணியும் சேந்து தென்பெண்ணை ஊருக்குள்ள வந்துருச்சு. காத்தவிட ஈரம்தான் நம்ம பக்கம் அதிகம் அடிச்சிருக்கு. அந்த ஈரம் இருக்குற உயரத்துலதான் அக்கல்டேஷன் ரொம்ப தடுமாறும்.

ஏன்னு ஒரு சின்ன கணக்கு போட்டு காட்டுறேன், பிளஸ் டூ பசங்களும் போடலாம். இங்க ஒளிவிலகல்னு சொல்றது, ஒளிவிலகல் எண் ஒண்ண தாண்டி எவ்வளவு இருக்கோ அத பத்து லட்சத்தால பெருக்குனது, அதுக்கு ரெண்டு பாகம். ஒண்ணு காத்தோட அழுத்தத்த (மில்லிபார்ல) வெப்பநிலையால (கெல்வின்ல) வகுத்து 77.6ஆல பெருக்குறது, இன்னொண்ணு நீராவியோட அழுத்தத்த வெப்பநிலையோட வர்க்கத்தால வகுத்து 3,73,000ஆல பெருக்குறது. தேவனாம்பட்டினம் கடற்கரைல ஐப்பசி மாசம் 27 டிகிரி, அதாவது 300 கெல்வின், காத்தோட அழுத்தம் 1010 மில்லிபார், நீராவி அழுத்தம் 30 மில்லிபார்னு வச்சுக்குங்க, மொத பாகம் 261 பக்கம் வரும், ரெண்டாவது பாகம் 124 பக்கம் வரும். அதாவது மொத்தத்துல மூணுல ஒரு பங்கு ஈரத்தோடது. இதையே பூஜ்ஜியம் டிகிரி இருக்குற குளிர் நாட்டுல அஞ்சு மில்லிபாருக்கு போட்டா ஈரத்தோட பங்கு நூத்துக்கு எட்டுதான். கருவி அளக்குறது ரெண்டையும் சேத்த மொத்தத்த மட்டும். எது வெப்பநிலையால வந்தது, எது ஈரத்தால வந்ததுன்னு சிக்னலுக்கு தெரியாது. பிரிக்கணும்னா வெளியிலேருந்து ஒரு உத்தேசம் வேணும், அந்த உத்தேசம் வானிலை மாடல்லேருந்து, அதாவது வானிலைய கணிக்குற கம்ப்யூட்டர் கணக்குலேருந்து வருது. அப்ப நம்ம கடலுக்கு மேல கீழ்மட்ட வெப்பநிலை, ஈரப்பதம்னு ஃபைல்ல இருக்குறதுல எவ்வளவு செயற்கைக்கோள் அளந்தது, எவ்வளவு மாடல் சொன்னதுன்னு கேக்க வேண்டியது அவசியம். குளிர் நாட்டுக்கு மேல பாத்த துல்லியத்த தூக்கி வங்காள விரிகுடாவுக்கு மேல வைக்க முடியாதுங்குறதுக்கு இதவிட நேரடியான காரணம் இல்ல.

இன்னொரு சிக்கலும் இருக்கு. ஈரக் காத்து கீழ, காஞ்ச காத்து மேலன்னு பட்டுன்னு மாறுற இடத்துல ஒரே நேரத்துல சிக்னல் பல பாதைல வந்து சேரும், ஒண்ணோட ஒண்ணு குழம்பும். மாற்றம் இன்னும் செங்குத்தா ஆச்சுன்னா, ஒரு கிலோமீட்டருக்கு 157 அலகுக்கு மேல ஒளிவிலகல் குறைஞ்சா, அலை பூமியோட வளைவவிட அதிகமா வளைஞ்சு அந்த அடுக்குலயே சிக்கிரும். அப்ப கணக்கு போட்டு எடுத்த ஒளிவிலகல் உண்மையவிட கம்மியாதான் வரும், எப்பவும் கம்மி பக்கமா சாயுற பிழை இது, நூறு அளவ எடுத்து சராசரி போட்டாலும் போகாது. அதோட நிறைய அக்கல்டேஷன் தரை வரைக்கும் வந்து சேரவே சேராது, ஒரு கிலோமீட்டர் ஒண்ணரை கிலோமீட்டர்லயே சிக்னல் அறுந்துரும். காஸ்மிக்-2ல ஆன்டெனா நல்லா பெருசு, சிக்னல் பலமா வாங்கும், அதனால பழசவிட கீழ வரைக்கும் இறங்கும், நெஜந்தான். ஆனா ஒரு ஆயிரம் அக்கல்டேஷன் கிடைச்சுதுன்னு சொல்றப்ப அதுல எத்தன ஐநூறு மீட்டருக்கு கீழ இறங்குச்சுன்னும் சொல்லணும். இறங்காததையெல்லாம் விட்டுட்டு இறங்குனத மட்டும் வச்சு துல்லியம் சொன்னா, ஈரம் கம்மியா இருந்த நல்ல நாட்களோட துல்லியத்தத்தான் சொல்றோம், மழை நாளோடத இல்ல.

காஸ்மிக்-2 டேட்டாவ அமெரிக்காவுல போல்டர்ல இருக்குற யூகார்ங்குற ஆராய்ச்சி அமைப்பு இலவசமாவே குடுக்குது, எங்க பசங்க டவுன்லோடு பண்ணி கிராஃப் போட்டு பாக்குறாங்க. ஒரு ஃபைல திறந்தா உயரம், அட்சரேகை, தீர்க்கரேகைன்னு வரிசையா எண்கள் இருக்கும். மொத தடவ பாக்குற பசங்க ஒரு ஊருக்கு மேல நேரா குத்துக்கோடு போட்ட மாதிரி நெனச்சுக்குவாங்க. அட்சரேகை வரிசைய விரலால தொட்டு கீழ இறங்குனா எண் மாறிக்கிட்டே போகும், மேல தொடங்குன இடமும் கீழ முடியுற இடமும் நூறு கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கும். அது போக, ஒவ்வொரு உயரத்துலயும் வர்ற எண் ஒரு புள்ளியோடது இல்ல, சிக்னல் போற திசைல 200, 300 கிலோமீட்டருக்கு கலந்த சராசரி. கடலூர்லேருந்து ஈரோடு வரைக்கும் உள்ள காத்த மொத்தமா கலந்து ஒரு எண் குடுத்தா, அதுல கடல் ஈரம் எவ்வளவு, கொங்கு பக்கத்து காஞ்ச காத்து எவ்வளவு? உயரத்துல அடுக்கு அடுக்கா நல்லா பிரிச்சு காட்டும், பக்கவாட்டுல அப்படி காட்டாது. இது இந்த முறையோட பிறவி குணம், குறைன்னு சொல்ல மாட்டேன், ஆனா மறைக்கவும் கூடாது.

சரி, தரம் பாக்குறதுன்னா எதோட ஒப்பிட்டு பாக்குறது? இங்கதான் உங்க கட்டுரைல எனக்கு பெரிய மனத்தாங்கல். வானிலை மாடலோட ஒப்பிட்டு பாத்தோம், நல்லா ஒத்துப் போச்சுன்னு சொல்லுவாங்க. ஆனா ஐரோப்பிய வானிலை கணிப்பு மையத்தோட மாடலும் சரி, நொய்டால இருக்குற நம்ம மத்திய வானிலை கணிப்பு மையத்தோட மாடலும் சரி, இந்த அக்கல்டேஷன் அளவ உள்ள வாங்கித்தான் ஓடுது. உள்ள போனதே வெளிய வந்து சாட்சி சொன்னா அது எப்படி தனி சாட்சி ஆகும்? அதோட மாடல்லேருந்து ரொம்ப விலகி இருக்குற அளவுகள தப்புன்னு முத்திரை குத்தி தள்ளிடுற வழக்கமும் இருக்கு. சாதாரண நாள்ல அது சரியான வேலைதான், கெட்ட டேட்டா உள்ள போகக் கூடாது. ஆனா தாழ்வு மண்டலம் திடீர்னு வலுக்குற நேரத்துல மாடல்தான் தப்பா இருக்கும், அளவு சரியா இருக்கும், அப்பவும் தள்ளுனா நமக்கு வேணும்ங்குற நாள்ல உள்ள நல்ல அளவே குப்பைக்கு போயிரும். ஃபெஞ்சல் புயலா மாறுமா மாறாதான்னு மாத்தி மாத்தி சொன்ன அந்த ரெண்டு நாள நெனச்சுப் பாருங்க. அந்த நாட்கள்ல நம்ம கடலுக்கு மேல எத்தன அக்கல்டேஷன் வந்துச்சு, எத்தனைய ஏத்துக்கிட்டாங்க, எத்தனைய தள்ளுனாங்கங்குறது நம்ம ஜனங்க கேக்க உரிமை உள்ள கேள்வி.

அதனாலதான் பலூன் வேணும். நம்ம புதுச்சேரி யூனியன் பிரதேசத்துலயே காரைக்கால்ல வானிலைத் துறை ரேடியோசோண்டு பலூன், அதாவது சென்சார் கட்டுன பலூன், விடுற நிலையம் இருக்கு, அடுத்தது சென்னை மீனம்பாக்கம். நம்ம நேரப்படி காலைல 5:30, சாயங்காலம் 5:30, இந்த ரெண்டு நேரத்துக்குத்தான் உலகம் பூராவும் பலூன் கணக்கு. பலூனும் கடவுள் இல்ல, வெயில் பட்டு சென்சார் சூடாகி மேல போனப்புறம் வெப்பநிலைய கூட்டி காட்டும், கடுங்குளிர்ல ஈரப்பத சென்சார் மந்தமாயிரும், அந்த மாதிரி தப்புகள கண்டுபிடிச்சு சொன்னதுல அக்கல்டேஷனுக்கே பங்கு உண்டு. ஆனா கீழ மூணு கிலோமீட்டர் ஈரத்துக்கு பலூன் குடுக்குற எண் சென்சாரே அந்த காத்துக்குள்ள போய் நேரா தொட்டு அளந்தது. மேல அக்கல்டேஷன் பலூன திருத்தும், கீழ பலூன் அக்கல்டேஷன திருத்தும். பலூன், அக்கல்டேஷன், மாடல் மூணையும் ஒண்ணோட ஒண்ணு மாத்தி மாத்தி ஒப்பிட்டு ஒவ்வொண்ணோட பிழையையும் தனித்தனியா பிரிக்குற கணக்கு முறையும் இருக்கு, அதுக்கும் மூணு சாட்சி வேணும், ஒண்ண நிறுத்திட்டா அந்த கணக்கே படுத்துரும்.

ஒப்பிடுறதும் லேசுப்பட்ட வேலை இல்ல. வழக்கமா 300 கிலோமீட்டருக்குள்ள, மூணு மணி நேரத்துக்குள்ள வந்தா ஜோடின்னு எடுத்துக்குவாங்க. அக்கல்டேஷன் அளக்குற ஐரோப்பாவோட மெட்டாப் செயற்கைக்கோள் உள்ளூர் நேரம் காலைல 9:30, ராத்திரி 9:30 பக்கமாத்தான் தாண்டும், காரைக்கால் பலூன் 5:30க்கு, பெரும்பாலும் மூணு மணி நேரத்துல சிக்காது. காஸ்மிக்-2 நிலநடுக்கோட்ட ஒட்டி 24 டிகிரி சாய்வுல சுத்துறதால நேரம் மாறி மாறி வரும், அது நமக்கு தோது. உலகத்துக்கு ஒரு நாளைக்கு 4000க்கு மேல குடுக்குது, எல்லாம் வடக்கு தெற்கு 45 டிகிரிக்குள்ள. சமமா பரவியிருக்குன்னு வச்சு வகுத்தா காரைக்கால சுத்தி 300 கிலோமீட்டர் வட்டத்துல நாளைக்கு மூணு விழும், அதுல பாதி பலூன் நேரத்துக்கு பக்கத்துல வரும். அக்டோபர்லேருந்து டிசம்பர் வரைக்கும்னு எடுத்தா ஒரு சீசனுக்கு நூறு ஜோடிக்கு மேல கிடைக்கணும். ஒரு எம்எஸ்சி மாணவர் ஒரு வருஷத்துல செய்யக்கூடிய வேலை இது. திருப்பதி பக்கத்துல கடங்கில தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் இருக்கு, அங்க பலூனோட காஸ்மிக்க ஒப்பிட்டு பாத்திருக்காங்க, ஆனா கடங்கி மலை நடுவுல, கடலோரம் இல்ல. சிதம்பரத்துல அண்ணாமலை பல்கலைக்கழகம், காலாப்பட்டுல புதுச்சேரி பல்கலைக்கழகம், ரெண்டும் கடலோரப் பக்கம்தான். வட்டத்துக்குள்ள விழுந்தத கடல் மேல விழுந்தது, தரை மேல விழுந்ததுன்னு பிரிச்சு, எவ்வளவு கீழ இறங்குச்சு, கீழ மூணு கிலோமீட்டர்ல ஒளிவிலகல் எந்தப் பக்கம் சாயுது, மழை நாள்ல எப்படி, காஞ்ச நாள்ல எப்படின்னு ஒரு அட்டவணை போட்டாலே போதும். வெப்பநிலையில ஒப்பிட வேணாம், அதுல மாடல் கலந்திருக்கும், வளைவுக் கோணத்துலயும் ஒளிவிலகல்லயும் ஒப்பிடணும், பலூன் எண்ணுலேருந்து ஒளிவிலகல கணக்கு போடுறது மேல நான் சொன்ன அதே ரெண்டு பாகம்தான்.

வானிலைத் துறைக்கு என் வேண்டுகோள் ரொம்ப எளிமையானது. காரைக்கால் பலூன குறைக்குற யோசனை எந்த மட்டத்துல வந்தாலும் வேணாம். கடலூர் துறைமுகத்துல மூணாம் நம்பர் கூண்டு ஏறுற நாள்லேருந்து இறங்குற நாள் வரைக்கும் ரெண்டு வேளைக்கு பதிலா நாலு வேளை பலூன் விடுங்க, அதுல கிடைக்குற எண்ண அக்கல்டேஷனோட சேத்து வச்சு, சீசன் முடிஞ்சதும் எந்த உயரத்துல எது எவ்வளவு பிழைன்னு தமிழ்ல வெளியிடுங்க. அந்த எண்ண நம்பி எச்சரிக்கை குடுக்குறீங்க, அத நம்பி தேவனாம்பட்டினத்துலயும் முதுநகர்லயும் படகு கரையில நிக்குது, கூலி போகுது, அதனால பிழை எவ்வளவுன்னு தெரிஞ்சுக்குற உரிமை அவங்களுக்கும் உண்டு.

உங்க கிட்ட கேக்குறது இன்னும் சின்னது. அடுத்த தடவ அரை டிகிரின்னு போடும்போது 8லேருந்து 25 கிலோமீட்டர் உயரத்துலன்னு ஒரு வார்த்தை சேத்துக்குங்க, கடலுக்கு மேல கீழ்மட்டத்துல அந்த துல்லியம் இல்லன்னு இன்னொரு வரி. அந்த கட்டுரை எழுதுனவர ஒரு சாயங்காலம் காரைக்காலுக்கு அனுப்பி பலூன் ஏறுறத பாத்து, அங்க வேலை பாக்குறவங்க கிட்டயும் பேசி எழுதச் சொல்லுங்க. எங்க பசங்க போட்ட கிராஃபெல்லாம் இருக்கு, கேட்டா அனுப்பி வைக்கிறேன், அக்டோபர் தொடங்குறதுக்குள்ள கேட்டீங்கன்னா இந்த சீசன் அளவோட ஒப்பிட்டுக்க வசதியா இருக்கும்.

இப்படிக்கு,
கடலூர் வாசகர் ஒருவர்